காப்டன் வெரிட்டி

சேப்பாக்கம் மைதானத்தில் முதன் முதலாக டெஸ்ட் பந்தயம் நடந்தது 1934-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில். இரண்டு இன்னிங்ஸிலுமாக நமது ஆட்டக்காரர்களில் பதினொருவரை வீழ்த்தி, இந்தியாவின் தோல்விக்கு முதற் காரணராய் நின்றவர் இடது கையால் பந்தெறியும் நெடிய உருவமுடைய ஆங்கிலேயர் ஒருவர். எட்டு வருஷங்களுக்குப் பின், தேசம் முழுதும் கொதித்துக் கொண்டிருந்த 1942-ஆம் வருஷத்தில், அவரே ராணுவ உடை தரித்து மறுபடியும் இந்திய மண்ணை மிதித்தார். அதற்கு அடுத்த வருஷம் இத்தாலியில் யுத்தக் கைதியாக மாண்டார். அவர் பெயர் ஹெட்லி வெரிட்டி.

தேசீயப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில், நம்மை அடக்கியாண்ட ராஜ்யத்தின் பட்டாளத்தில் சேவித்த ஒருவரது சரிதத்துக்கு இடம் ஏது என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவேயாகும். ஆயினும் வெரிட்டியின் சரிதத்தை ஊன்றி நோக்குவோருக்கு, அவர் ஆண்டவர் கூட்டத்தில் பிறந்தவரேயன்றி ஆண்டவர் அல்லர் என்பது விளங்கும். தமது சொந்த நாட்டில், தாம் ஆடிய ஆட்டத்திலேயே, அவர் வேறு வாயில் வழியாக உள்ளே சென்றவர்.

1905-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி லீட்ஸ் நகரில், ஹெடிங்லி மைதானத்துக்கு அருகில் அவர் பிறந்தார். தந்தை நிலக்கரி வியாபாரி. பள்ளிக்கூடத்தை இளம் வயதிலேயே விட்டு, தந்தையின் தொழிலில் உதவியாளராக இருந்து கொண்டே பந்தெறியப் பழகினார். யார்க்ஷயர் மாகாணத்தில் அந்நாளில் கிரிக்கட் என்பது பொழுது போக்கன்று. நமது தஞ்சை ஜில்லாவில் சங்கீதம் எப்படியோ அப்படி. குருசிஷ்ய பரம்பரை ஒன்று அங்கே உண்டு. பீட் என்பவருக்குப் பின் பீல், பீலுக்குப் பின் ரோட்ஸ் என்று இடது கைப் பந்தெறிவோர் வழிவழியாக அம்மாகாணக் குழுவில் இடம் பெற்று வந்தனர். வில்பிரட் ரோட்ஸ் 1898-ஆம் வருஷம் புகுந்தவர் 1930 வரையில் அந்த ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. ஆகவே வெரிட்டி காத்திருக்க வேண்டியதாயிற்று. லங்காஷயரில் அக்ரிங்டன், மிடில்டன் முதலிய ஊர்ச் சங்கங்களில் சம்பளத்துக்கு ஆடினார். வார்விக்ஷயர் குழுவினர் பரீட்சித்துப் பார்த்து, வேண்டாமென்று அனுப்பி விட்டனர். 1930-ல் தமது இருபத்தைந்தாம் வயதில்தான் யார்க்ஷயர் குழுவில் இடம் கிடைத்தது. மறு வருஷம், சரியாகத் தமது இருபத்தாறாவது பிறந்த தினத்தன்று, அதே வார்விக்ஷயர் குழுவினர் பத்துப் பேரையும் ஒரே இன்னிங்ஸில் 36 ரன்களுக்கு வெளியேற்றினார்.

அவர் எறிந்த பந்தில் மாயவித்தை ஒன்றும் இல்லை என்றே பார்த்தவர் பலரும் எழுதி வைத்திருக்கின்றனர். கையை உயரத் தூக்கி, சுழற்பந்துக்குச் சற்று அதிகமான வேகத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவார். நாள் முழுதும் எறிந்தாலும் தளர மாட்டார். கோர்ட்டில் பழகிய நாம் இதைக் குறுக்கு விசாரணைக்கு ஒப்பிடத் துணிகிறோம். சாட்சியை உருட்டி மிரட்டும் வக்கீலைக் கண்டு ஜனங்கள் வியப்பார்கள். ஆனால் அதே சின்னக் கேள்வியைச் சிறிது மாற்றி மாற்றிப் பொறுமையாகக் கேட்டுக் கொண்டே இருப்பவரிடந்தான் பொய்ச் சாட்சி முடிவில் அகப்படுவான். வெரிட்டி அந்த இரண்டாவது வகை.

அக்காலத்தில் மழை பெய்தால் ஆடுதளத்தை மூடி வைக்கும் வழக்கம் இல்லை. நனைந்த தளம் வெயிலில் காயத் தொடங்கும் சில மணி நேரத்தில் அது களிமண் போல் ஒட்டும். விழுந்த பந்து எங்கே திரும்பும், எவ்வளவு எழும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. அத்தகைய தளத்தில் வெரிட்டியின் கைப்பந்தை எதிர்ப்பது ஆகாத காரியம். 1932-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதி ஹெடிங்லியில் நாட்டிங்காம்ஷயர் குழுவினர் பகலுணவு வேளையில் ஒரு விக்கட்டும் இழக்காமல் 38 ரன்கள் எடுத்திருந்தனர். உண்டு திரும்பி வந்தவர்கள் 67 ரன்களில் அனைவரும் வெளியேறினர். பத்து விக்கட்டும் வெரிட்டிக்கே. அவர் கொடுத்த ரன்களும் பத்தே. முதல்தரப் பந்தயங்களில் அதை விடக் குறைந்த ரன்களுக்கு ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கட்டையும் எடுத்தவர் இன்றுவரை உலகில் இல்லை. 1934-ஆம் வருஷம் ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியரின் பதினான்கு விக்கட்டுகளை ஒரே நாளில் எடுத்தார். அந்தப் பந்தயத்தில் மொத்தம் பதினைந்து. 1896-க்கும் 2009-க்கும் இடையில், ஆஸ்திரேலியரை லார்ட்ஸில் ஆங்கிலேயர் வென்ற டெஸ்ட் அது ஒன்றுதான். பந்தடிப்பில் நிகரற்ற டொனால்ட் பிராட்மனை டெஸ்ட் பந்தயங்களில் எட்டு முறை வெளியேற்றியவரும் வெரிட்டியே. வேறு எவரும் அத்தனை முறை அவரை வெளியேற்றியதில்லை.

இத்தகையவரை ஏன் காப்டனாக்கவில்லை என்று கேட்கலாம். ஆக்க முடியாது, அதுதான் செய்தி. இங்கிலாந்தில் அந்நாளில் கிரிக்கட் ஆடுவோர் இரு ஜாதியினர். செல்வக் குடும்பத்தில் பிறந்து, சம்பளம் வாங்காமல் ஆடுவோர் கனவான்கள். ஆட்டத்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள் வெறும் ஆட்டக்காரர்கள். லார்ட்ஸ் போன்ற மைதானங்களில் இரு சாராருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு, மைதானத்தில் இறங்கும் வாயில்கள் வேறு. ஆட்ட அட்டவணை அச்சிடும்போது கனவானின் முதலெழுத்துக்கள் பெயருக்கு முன்னே வரும். கூலிக்கு ஆடுபவருக்கு முதலெழுத்து அச்சிட்டால் அது பெயருக்குப் பின்னே தள்ளப்படும். இங்கிலாந்தின் காப்டன் பதவி கனவான்களுக்கே உரியது. யார்க்ஷயரிலும் அவ்வாறே. வெரிட்டி ஆடிய பத்து வருஷங்களில் யார்க்ஷயர் ஏழு முறை மாகாணப் போட்டியில் வெற்றி பெற்றது. வெற்றிக்கு உழைத்தவர்கள் வெரிட்டி, சட்கிளிப், ஹட்டன், போவ்ஸ் முதலிய கூலி ஆட்டக்காரர்கள். தலைமை தாங்கியவர் மட்டும் எப்போதும் ஒரு கனவான்.

இதைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. நமது தேசத்தில் இதே இடது கைப் பந்தெறிதலில் பேர் பெற்ற பல்வாங்கர் பாலு 1911-ஆம் வருஷம் இந்தியக் குழுவுடன் இங்கிலாந்து சென்று 114 விக்கட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். அவர் பிறந்த வகுப்பின் காரணமாக ஹிந்துக் குழுவின் காப்டன் பதவி அவருக்கு எட்டாமலே போயிற்று. அவர் சகோதரர் விட்டல்தான் பின்னர் அதைப் பெற்றார். வெரிட்டி சேப்பாக்கத்தில் பந்தெறிந்த அதே மாதத்தில், மகாத்மா காந்தி ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டு ஊர்களில் சுற்றி வந்து கொண்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். படப்பையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை முறை முடித்து, ஞாயிறன்று வற்றிய ஏரியில் பந்தாடும் வாலிபர்களுக்கும் இச்செய்தி புதிதாய் இராது. ஒரே இயந்திரத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி என்னும் பாகுபாட்டை அவர்கள் தினந்தோறும் காண்கிறார்கள்.

நிற்க. 1933-34-ல் ஜார்டின் என்னும் கனவானின் தலைமையில் ஆங்கிலக் குழு இந்தியா வந்தது. அதற்கு முந்திய வருஷம் ஆஸ்திரேலியாவில் பந்தடிப்போரின் உடலைக் குறி வைத்து வேகப் பந்து எறியச் செய்து, இரு தேசங்களுக்குமிடையே பெரும் மனஸ்தாபம் விளைவித்தவர் இந்த ஜார்டின். அவர் பம்பாயில் பிறந்தவர் என்பது ஒரு வேடிக்கை. வெரிட்டிக்கு அவரிடம் மிகுந்த மதிப்பு. தமது மூத்த புதல்வனுக்கு ரோட்ஸின் பெயரான வில்பிரட் என்பதை இட்டவர், இளையவனுக்கு ஜார்டினின் பெயரான டக்ளஸ் என்பதை இட்டார்.

சென்னைப் பந்தயத்தில் ஆங்கிலேயர் முதலில் ஆடி 335 ரன்கள் எடுத்தனர். நமது அமர் சிங் அன்று ஏழு விக்கட்டுகளை எடுத்ததை மறக்கலாகாது. பின்னர் இந்தியா 145-ல் சுருண்டது. வெரிட்டிக்கு 49 ரன்களுக்கு ஏழு விக்கட்டு. நவ்மல் ஜாவ்மல் கிளார்க்கின் வேகப் பந்தால் முகத்தில் அடிபட்டு வெளியேறினார். இரண்டாம் முறையும் ஸி. கே. நாயுடுவின் குழு போராடித்தான் பார்த்தது. பாட்டியாலா யுவராஜா அறுபது ரன்கள் எடுத்தார். ஆனால் வெரிட்டி ஒரு பக்கமும், லாங்ரிட்ஜ் மற்றொரு பக்கமுமாக இரு இடது கைகள் சேர்ந்து 249-ல் ஆட்டத்தை முடித்து விட்டன. 202 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

1938-ல் ம்யூனிக் ஒப்பந்தத்தின்போதே, யுத்தம் வந்தே தீரும் என்று வெரிட்டி முடிவு செய்தார். கிரீன் ஹவர்ட்ஸ் என்னும் யார்க்ஷயர் படையின் கர்னல் ஷா என்பவரிடம் சென்று யோசனை கேட்டார். அவர் கொடுத்த ராணுவ சாஸ்திரப் புத்தகங்களை, அந்தக் குளிர்காலத்தில் தென் ஆப்பிரிக்கா சென்ற கிரிக்கட் பிரயாணத்தில் கையோடு கொண்டுபோய்ப் படித்தார். 1939-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி ஜெர்மானியர் போலந்தில் புகுந்தனர். அன்று யார்க்ஷயர் குழு தென் கடற்கரையிலுள்ள ஹோவ் நகரில் ஆடிக் கொண்டிருந்தது. மழை நனைத்த தளம். ஸஸக்ஸ் குழுவினர் 33 ரன்களில் ஒழிந்தனர். வெரிட்டிக்கு ஒன்பது ரன்களுக்கு ஏழு விக்கட்டு. ஆட்டம் முடிந்ததும் குழுவினர் மோட்டார் வண்டியேறி, விளக்கணைத்த ஊர்கள் வழியே வீடு நோக்கிப் பயணமாயினர். அவர் எறிந்த கடைசி முதல்தரப் பந்து அன்று எறிந்ததே. அப்போது வயது முப்பத்து நான்கு. மொத்தம் 1956 விக்கட்டுகள். ஒன்றுக்குப் பதினைந்து ரன்களுக்கும் குறைவான சராசரி. சுழற்பந்து எறிவோருக்கு அது முதுமையன்று. ரோட்ஸ் ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடியவர்.

ஆணை வந்து அழைக்கட்டும் என்று காத்திராமல் அவர் தாமே படையில் சேர்ந்து, 1940 ஜனவரியில் அதிகாரிப் பதவி பெற்றார். இந்த இடத்தில் நமது மனத்தில் எழும் எண்ணத்தை மறைப்பதற்கில்லை. நிலக்கரி வியாபாரியின் மகன் யுத்தத்துக்குப் போவதா என்று தாமே யோசித்து, ஒரு வருஷம் படித்து, தாமே தீர்மானித்தார். அதே செப்டம்பர் 3-ஆம் தேதி, முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட இந்தியாவை, அதன் பிரதிநிதிகளில் ஒருவரையும் கேளாமல், வைசிராய் லின்லித்கோ ஓர் அறிக்கையால் யுத்தத்தில் இறக்கினார். அதை முன்னிட்டுச் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை உள்பட காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தன. ஹிட்லரை வெறுப்பதில் நமது தலைவர்கள் வெரிட்டிக்கு இளைத்தவர்கள் அல்லர். அவருக்கிருந்த சுயேச்சை நமக்கில்லை என்பதே வழக்கு.

ஆட்டக்காரர்களின் வாழ்வில் இந்த யுத்தம் ஒவ்வொரு தேசத்திலும் ஒவ்வொரு விதமாகக் குறுக்கிட்டது. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரே குழுவின் உயிர்நாடி. அவர்களுள் இணையற்ற வேகமுடைய பாப் பெல்லர், பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட இரண்டொரு நாளில் கடற்படையில் சேர்ந்து, அலபாமா என்னும் போர்க் கப்பலில் பீரங்கி வேலை பார்த்தார். இருபத்து மூன்று வயது முதல் கிட்டத்தட்ட நான்கு பருவங்கள் அவருக்கு நஷ்டம். ஆயினும் 1945-ல் திரும்பி வந்து, மறு வருஷமே முன்னிலும் திறமையாக எறிந்தார். 2010 வரையில் வாழ்ந்தார். வெரிட்டியின் நண்பரும் யார்க்ஷயர் சகாவுமான போவ்ஸ் 1942-ல் டோப்ரூக்கில் அகப்பட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மூன்று வருஷம் சிறையிருந்து, மெலிந்து திரும்பி, 1946-ல் லார்ட்ஸில் பட்டோடி நவாபின் இந்தியக் குழுவுக்கு எதிராகத் தமது கடைசி டெஸ்டை ஆடினார். நமது நாட்டிலோ ரஞ்சிப் போட்டி யுத்த காலம் முழுதும் தடையின்றி நடந்தது. ராணுவத்தில் இங்கு வந்திருந்த காம்ப்டன் என்னும் ஆங்கில ஆட்டக்காரர், 1945-ல் ஹோல்கார் குழுவுக்காக இறுதிப் பந்தயத்தில் ஆடி 249 ரன்கள் எடுத்தார். வெரிட்டிக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. 1942-ல் அவர் படை ராஞ்சிக்கு வந்தபோது சீதபேதி அவரைப் படுக்கையில் தள்ளியது. சேப்பாக்கத்தில் நாள் முழுதும் வெயிலில் பந்தெறிந்தவருக்கு இந்தியச் சீதோஷ்ணம் இம்முறை ஒத்துக் கொள்ளவில்லை. அந்நோய் தீர்ந்தும் தீராமலுமாகப் படையுடன் பாரசீகம், ஈராக், சிரியா, எகிப்து என்று சென்றார். அதற்குள் அவர் காப்டன் ஆகியிருந்தார். பல நூறு பந்தயங்கள் ஆடியும் கிரிக்கட்டில் கிடைக்காத அந்தப் பட்டம், பட்டாளத்தில் மூன்று வருஷத்தில் கிடைத்தது.

1943 ஜூலை 10-ஆம் தேதி நேச சேனைகள் ஸிஸிலித் தீவில் இறங்கின. 19-ஆம் தேதி இரவு கட்டானியா சமவெளியில் ஜெர்மானியரின் நிலைகளைத் தாக்க வெரிட்டியின் கம்பெனிக்கு உத்தரவாயிற்று. விளைந்து நின்ற தானியக் கதிர்களின் ஊடே ஊர்ந்து சென்றனர். எதிரிகளின் குண்டுகள் வயலில் தீயை மூட்டின, இரவு பகலாயிற்று. எதிரே பண்ணை வீடு ஒன்றிலிருந்து துப்பாக்கிகள் முழங்கின. அதைப் பிடிக்கும்படி ஒரு பகுதியினரை ஏவிய சமயத்தில் வெரிட்டியின் மார்பில் காயம் பட்டது. நிற்காமல் முன்னேறுமாறு அவர் சிப்பாய்களுக்கு ஆணையிட்டார். ஆனால் தாக்குதல் பலிக்கவில்லை. கம்பெனி பின்வாங்க நேர்ந்தபோது, எரியும் வயலில் காப்டன் ஏவலாள் ஒருவருடன் பின்தங்கினார். விடிந்ததும் ஜெர்மானியர் கையில் அகப்பட்டார்.

பகைவர் அவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய வைத்தியர்கள் சிகிச்சை செய்தனர். கடல் தாண்டி, ரயிலேற்றி, நேப்பிள்ஸ் அருகிலுள்ள கஸேர்ட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். அங்கே விலா எலும்பில் ஒரு துண்டை அகற்றிச் சிகிச்சை நடந்தது. பின்னர் இரத்தப் போக்கு ஏற்பட்டு, ஜூலை 31-ஆம் தேதி உயிர் நீத்தார். வயது முப்பத்தெட்டு. இத்தாலியர் ராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தனர். வீட்டில் மனைவிக்கும் இரண்டு சிறுவர்க்கும் காணவில்லை என்ற செய்தி மாத்திரமே முதலில் வந்தது. மரணச் செய்தி வெளியானது செப்டம்பர் 1-ஆம் தேதி. ஹோவ் நகரில் கடைசியாகப் பந்தெறிந்து அன்றைக்குச் சரியாக நான்கு வருஷம். முதல் மகாயுத்தத்தில் இங்கிலாந்து தனது சிறந்த இடது கைப் பந்தெறிவோரான பிளைத் என்பவரை 1917-ல் பெல்ஜியத்தில் இழந்தது. இரண்டாம் யுத்தத்தில் வெரிட்டியை இழந்தது.

அவர் மாண்ட இரண்டொரு மாதங்களில் இந்தியச் சேனைகளும் இத்தாலியில் இறங்கின. சாங்ரோ நதிக் கரையிலும் கஸினோவிலும் நம்மவர் பலரது நினைவுக் கற்கள் உள்ளன. அவர்களுடைய சரிதங்களை எழுத நமக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பது வெட்கப்படத் தக்கது. கிரிக்கட் ஆட்டக்காரரின் கடைசி இரவைப் பற்றி இத்தனை விவரம் கிடைக்கிறது, ஒரு நாயக்கோ ஹவில்தாரோ பட்ட பாட்டுக்கு ஒரு வரி கிடைப்பது அரிது.

யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தின் பழைய கட்டு மெல்லத் தளர்ந்தது. 1952 ஜூன் மாதத்தில், வெரிட்டியின் யார்க்ஷயர் சகாவான லென் ஹட்டன், கூலி ஆட்டக்காரராகவே இங்கிலாந்தின் காப்டனானார். முதற் பந்தயம் ஹெடிங்லியிலேயே, நமது இந்தியாவுக்கு எதிராக. அன்று ஒரு ரன்னும் எடுக்காமல் நாம் நான்கு விக்கட்டுகளை இழந்த அவமானத்தைப் பழைய ரசிகர்கள் இன்னும் பேசுவர். 1962-ஆம் வருஷக் கடைசியில் கனவான், ஆட்டக்காரர் என்னும் பாகுபாடே ஒழிக்கப்பட்டது. ஹெடிங்லித் தோல்விக்குச் சில மாதங்கள் முன்னே, 1952 பிப்ரவரியில், வெரிட்டி நம்மை வீழ்த்திய அதே சேப்பாக்கத்தில் வினு மன்கட், வெரிட்டியைப் போலவே இடது கையால் சுழற்பந்து எறிந்து, பன்னிரண்டு ஆங்கிலேயரை வெளியேற்றி, இந்தியாவுக்கு அதன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டித் தந்தார். சுதந்திர தேசத்தின் வெற்றி அது.

ஹட்டனின் குழு 1954-ல் ஆஸ்திரேலியா நோக்கிச் செல்லும் வழியில் நேப்பிள்ஸில் கப்பல் தங்கியபோது, அவரும் சகாக்களும் கஸேர்ட்டா சென்று வெரிட்டியின் கல்லறையில் யார்க்ஷயர் குழுவின் கழுத்துப் பட்டி ஒன்றை வைத்து வந்தனர். யுத்தத்தில் மாண்ட ராணுவ அதிகாரிகள் எல்லோருக்கும் உள்ள அதே அளவான கல்தான் அவருக்கும். அதில் காப்டன் என்னும் பதவியும், அதன்பின் முதலெழுத்தும், அதற்கும் பின்னே வெரிட்டி என்னும் பெயரும் பொறித்திருக்கின்றன.